கையாளா இருந்து தனி எலக்ட்ரீசியன்: எது தெரிஞ்சா இறங்கலாம்?

கையாள்5 | ஜூன் 3, 2024, இரவு 9.40

வயரிங் வேலையில் கையாளா 5 வருஷம். பைப் போடுறது, சுவத்துல காடி வெட்டுறது, கம்பி இழுக்கிறது, போர்டு கட்டுறது எல்லாம் வரும். அடுத்து ஒயர்மேன் உதவியாளர் தேர்வு. என் கணக்கு இது: சான்று + டூல் பை + நாலு மேஸ்திரி பழக்கம் = தனித்தொழில். இதுல ஏதாவது விட்டுப்போச்சா?

சுருள்கம்பி | ஜூன் 3, இரவு 10.15

பைக்குல ஏணியைக் கட்ட ஒரு கயிறு விட்டுப்போச்சு.

மெகர்க்காரர் | ஜூன் 4, காலை 6.20

தம்பி எழுதினது நாலும் கைவேலை. கைவேலைக்குக் கூலி கிடைக்கும், தனித்தொழில் கிடைக்காது. பின்னாடி நின்னு "இப்படிச் செய், அப்படிச் செய்"னு சொல்ல ஆள் இல்லாதப்போ ஒரு பழுதைத் தேடிப் பிடிக்கத் தெரியுதாங்கிறதுதான் கேள்வி.

ஒரு சின்னச் சோதனை. ஒரு வீட்டுல ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா லைனை அறுக்கிற காவல் ஸ்விட்ச்) நிக்க மாட்டேங்குது. டிபியில் (லைன்களைப் பிரிக்கிற பெட்டி) எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள ட்ரிப் ஸ்விட்ச்) இறக்கியாச்சு. அப்பவும் ஆர்சிசிபியை மேல தூக்கினா விழுது. பழுது எங்க? போன் பார்க்காம பதில் சொல்லுங்க.

கையாள்5 | ஜூன் 4, காலை 7.05

எல்லா எம்சிபியும் ஆப்ல இருக்கு. அப்போ லைன்ல எதுவும் இல்ல. ஆர்சிசிபிதான் கெட்டுப்போச்சு, மாத்தணும்.

சுருள்கம்பி | ஜூன் 4, காலை 7.10

கடைக்காரருக்கு ரொம்பப் பிடிச்ச பதில்.

மெகர்க்காரர் | ஜூன் 4, இரவு 8.30

இந்தப் பதிலால நல்ல ஆர்சிசிபி நிறைய குப்பைக்குப் போகுது. புதுசு மாட்டினாலும் விழும். அப்புறம் "கம்பெனி சரியில்ல"னு இன்னொண்ணு வாங்குவாங்க.

வீட்டு டிபியில் இருக்கிற எம்சிபி பெரும்பாலும் ஒரு துருவம். பேஸை, அதாவது கரண்ட் வர்ற கம்பியை மட்டும் அறுக்கும். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற கம்பி எல்லாம் நியூட்ரல் லிங்க்ங்கிற ஒரே பட்டையில் அப்படியே சேர்ந்திருக்கும். எங்கேயோ ஒரு சாக்கெட்டுக்குப் பின்னாடி நியூட்ரல் கம்பி நசுங்கி எர்த்தைத் தொட்டுக்கிட்டிருந்தா, எம்சிபியை இறக்கினாலும் அந்தத் தொடுப்பு போகாது. வெளியில் இருந்து வர்ற நியூட்ரலுக்கும் வீட்டு எர்த்துக்கும் நடுவுல 2, 3 வோல்ட் இருக்கிறது சகஜம். அந்த 2 வோல்ட்டே போதும். எர்த் 5 ஓம்னா 0.4 ஆம்பியர் ஓடும். ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்குள்ள விழுந்தாகணும். விழுது. அது தன் வேலையைத்தான் செய்யுது.

தேடுற வழி: மெயினை இறக்குங்க. இன்வெர்ட்டர் இருந்தா அதையும் நிறுத்துங்க. வீட்டு மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைன்ல 230 இருக்கும், இதுல கை வெச்சுத்தான் பாதிப் பேர் மாட்டுறாங்க. அப்புறம் நியூட்ரல் லிங்க்ல இருந்து ஒவ்வொரு நியூட்ரலையும் கழட்டி, எந்த சர்க்யூட்னு டேப்ல எழுதி ஒட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் எர்த்துக்கும் நடுவுல 500 வோல்ட் மெகர் (கம்பியோட இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) வைங்க. நல்ல லைன் பல மெகா ஓம் காட்டும். பழுதான லைன் பூஜ்யம் பக்கம் நிக்கும். அந்த சர்க்யூட்டை மட்டும் எடுத்து, நடு போர்டுல பிரிச்சு ரெண்டாக்குங்க. எந்தப் பாதியில் பழுதுன்னு தெரிஞ்சா அதை மறுபடி ரெண்டாக்குங்க. 8 போர்டு இருக்கிற லைன்ல மூணு தடவை பிரிச்சாப் போதும்.

மெகர் வைக்கிறதுக்கு முந்தி எல்இடி பல்பு, எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், டிவி, சர்ஜ் கருவி எல்லாத்தையும் கழட்டிடணும். 500 வோல்ட் டிசி அதையெல்லாம் சாப்பிட்டுடும்.

கையாள்5 | ஜூன் 4, இரவு 9.15

மெகரை இதுவரைக்கும் கையில் எடுத்ததே இல்ல. டெஸ்டரும் சீரிஸ் பல்பும்தான்.

பழைய_பியூஸ் | ஜூன் 5, காலை 11.00

காகித விஷயத்தை முதல்ல முடிச்சுடலாம், நிறைய பேர் குழம்புற இடம்.

உதவியாளர் தேர்வை நடத்துறது தமிழ்நாடு அரசோட வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. 21 வயசு நிறைஞ்சிருக்கணும், 5 வருஷ அனுபவம் வேணும். அனுபவச் சான்றை இப்ப வேலை பார்க்கிற இடத்துலயே, உறவு நல்லா இருக்கும்போதே வாங்கி வெச்சுக்கோங்க. பிரிஞ்சு வந்து எதிர்க்கடை போட்ட பிறகு கேட்டா யாரும் தர மாட்டாங்க.

அந்தச் சான்று மட்டும் கையில் இருந்தா முழு வீட்டு வயரிங்கைத் தனியா எடுத்துக் கையெழுத்துப் போட முடியாது. உதவியாளர், ஒயர்மேன், மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் உரிமம்னு எல்லாம் தனித்தனி. உரிமத்துக்குக் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிற மின் உரிம வாரியம். மத்திய மின்சார ஆணையத்தோட 2023 பாதுகாப்பு விதிகளும் இதையே சொல்லுது: புது வயரிங், மாற்றம், பழுதுபார்ப்பு எல்லாம் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் மூலமா, தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில் நடக்கணும். பல்பு, ஃபேன், பியூஸ், ஸ்விட்ச் மாதிரி பழசை எடுத்துட்டு அதே அளவுல புதுசு மாட்டுறதுக்கு விலக்கு உண்டு.

அதனால முதல் ஒண்ணு, ரெண்டு வருஷம் இந்த மாதிரி பழசை எடுத்துட்டு மாத்துறது மட்டும் உங்க பேர்ல. புது வீடு, வயரிங் பழுதுன்னா உரிமம் உள்ள ஒருத்தர்கூடக் கணக்கு வெச்சு. இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

பாயிண்ட்ரேட் | ஜூன் 5, பகல் 1.20

பியூஸ் அண்ணே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. உரிமக்காரர்கிட்ட கையெழுத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குற பழக்கம் இருக்கு. வேண்டாம். அவர் வந்து பார்த்து அளந்தா மட்டும் கொடுங்க. அந்த அரை நாள்ல அவர் எதையெதைப் பார்க்கிறார்னு கவனிச்சாலே உங்களுக்குப் பாடம்.

மெகர்க்காரர் | ஜூன் 6, காலை 6.00

டூல் வாங்குற வரிசை. எல்லாரும் தலைகீழா வாங்குறாங்க: முதல்ல காடி வெட்டுற மெஷின், அப்புறம் சுத்தியல் டிரில், மீட்டர் கடைசியில். மெஷின் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும், மீட்டர் கிடைக்காது.

முதல்ல 1000 வோல்ட் முத்திரை உள்ள ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளையரும். அடுத்து மல்டிமீட்டர், கேட் 3 (மீட்டரோட பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட்னு முகத்துல எழுதியிருக்கணும். டிபிக்குள்ள வைக்கிற மீட்டருக்கு அது குறைஞ்சபட்சம். மஞ்சள் நிற மலிவு மீட்டரைத் திறந்து பாருங்க, உள்ள கண்ணாடி பியூஸ் இருக்கும், சிலதுல அதுவும் இருக்காது. வயரை 10 ஆம்பியர் துளையில் குத்தினது மறந்து வோல்டேஜ் பார்க்கப் போனா நேரா ஷார்ட், மீட்டர் கையிலயே வெடிக்கும். மூணாவது கிளாம்ப் மீட்டர், கம்பியைப் பிரிக்காம மேல கவ்வி கரண்ட்டை அளக்கிறது. நாலாவது பின் லக்கும் (கம்பி முனையில் மாட்டுற உலோகக் குழாய்) அதை நசுக்கிற கிரிம்பிங் டூலும். அஞ்சாவது மெகர். காடி மெஷின் ஆறாவது.

நியான் டெஸ்டரை முழுசா நம்பாதீங்க. பக்கத்துக் கம்பியோட தூண்டல்லயே மினுக்கும். உடைஞ்சிருந்தா லைன் இருந்தும் எரியாது. கரண்ட் இல்லைன்னு முடிவு பண்ணணும்னா மூணு தடவை: தெரிஞ்ச லைன்ல மீட்டரைப் பார், வேலை செய்யப்போற இடத்துல பார், மறுபடி தெரிஞ்ச லைன்ல பார். மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. ரெண்டாவது தடவைக்குள்ள மீட்டர் செத்திருக்கலாம் இல்லையா?

சுருள்கம்பி | ஜூன் 6, காலை 8.45

சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தா எலக்ட்ரீசியன், பேனா குத்தியிருந்தா இன்ஜினீயர். ஊர் வழக்கம் அது.

கம்பி அளவு நான் சொல்றேன். லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்கு 4. எம்சிபி 1.5-க்கு 16 ஆம்பியர், 2.5-க்கு 20, 4-க்கு 25 போட்டா எந்தத் தொல்லையும் இல்ல.

மெகர்க்காரர் | ஜூன் 6, இரவு 9.00

கம்பி சரி. எம்சிபி சரியில்ல. எம்சிபி காப்பாத்துறது கம்பியை, ஏசியையோ கீசரையோ இல்ல. கம்பி எவ்வளவு தாங்கும்ங்கிறதுல இருந்து ஆரம்பிக்கணும்.

சுவத்துப் பைப்புல தனியா போற செம்பு பிவிசி கம்பி, 30 டிகிரியில் 1.5 சுமார் 17.5 ஆம்பியர், 2.5 சுமார் 24, 4 சுமார் 32 தாங்கும். 30 டிகிரி நம்ம ஊர்ல மார்கழிக் கணக்கு. 40 டிகிரிக்கு 0.87 பெருக்கணும். 2.5 கம்பி 21-க்கு இறங்குது. 20 எம்சிபி ஒட்டி ஒரசி நிக்குது.

மெகர்க்காரர் | ஜூன் 7, காலை 5.50

ராத்திரி எழுதினதை நானே திருத்துறேன். 20 "ஒட்டி ஒரசி நிக்குது"ன்னது தனி சர்க்யூட் தனிப் பைப்புல போனா மட்டும். யாரு அப்படிப் போடுறாங்க? ஒரே பைப்புல மூணு சர்க்யூட் போனா இன்னொரு 0.7 பெருக்கணும். 24 × 0.87 × 0.7 = 14.6. அப்போ 2.5-க்கு 16 எம்சிபியே கொஞ்சம் அதிகம். அதனால 16 ஆம்பியர் சாக்கெட் லைனுக்கு 16 எம்சிபி, பைப்புல கூட்டம் இல்லாம பார்த்துக்கோங்க. லைட்டுக்கு 6 இல்லன்னா 10. ஏசிக்கு 4 கம்பி, 20 எம்சிபி, சி வளைவு. சி வளைவு 5-ல இருந்து 10 மடங்கு கரண்ட் வந்தாத்தான் உடனே விழும், கம்ப்ரசர் கிளம்புற உதைக்கு விழாது. பி வளைவு 3-ல இருந்து 5 மடங்குலயே விழுந்துடும்.

சுருள்கம்பி | ஜூன் 7, காலை 7.30

ஒத்துக்கறேன். 20 போட்டா "அடிக்கடி விழுதுங்க"ன்னு போன் வராது, அதுக்காகவே எல்லாரும் போடுறோம்.

மெகர்க்காரர் | ஜூன் 7, காலை 7.50

அதேதான். போன் வராதுங்கிறதுக்காகக் கம்பியைப் பலி கொடுக்கிறோம். வீட்டுக்காரர் 20-ஐ எடுத்துட்டு 32 போடச் சொல்லுவார். "முடியாதுங்க, கம்பி தாங்காது, வேணும்னா கம்பி மாத்தித் தர்றேன்"னு சொல்லத் தெரியணும். கணக்கு கையில் இருந்தா சொல்ல வாய் வரும். கணக்கு இல்லாதவன் "சரிங்க சார்"னுதான் சொல்லுவான். தனியா நிக்கிறதுன்னு நான் சொல்றது இதைத்தான்.

கையாள்5 | ஜூன் 8, இரவு 10.00

மெகர் அண்ணே, இதையெல்லாம் எங்க வெச்சுப் பழகுறது? வேலை நடக்கிற வீட்டுல பழுது வந்தா ஓனர் என்னைப் பக்கத்துல விட மாட்டார். அவரே பார்த்துட்டுப் போயிடுவார்.

மெகர்க்காரர் | ஜூன் 9, ஞாயிறு

பயிற்சிப் பலகை கட்டுங்க. 4 அடிக்கு 3 அடி பிளைவுட், 12 மி.மீ. அதுல ஒரு சின்ன டிபி, 40 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு, எம்சிபி நாலு. கீழ ரெண்டு வழி ஸ்விட்சுல ஒரு பல்பு, ஒரு ரெகுலேட்டர், 6 ஆம்பியர் சாக்கெட் ரெண்டு, 16 ஒண்ணு, எல்லாம் மெட்டல் பாக்ஸ்ல. பழைய வீடு இடிக்கிற இடத்துல பாதிச் சாமான் கிடைச்சுடும், ஆர்சிசிபி மட்டும் புதுசா வாங்குங்க.

பலகைக்குக் கரண்ட் ஆர்சிசிபி உள்ள சாக்கெட்ல இருந்துதான். நடுவுல பேஸ்ல ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டுடுங்க. ஷார்ட் ஆனா பல்பு முழு வெளிச்சத்துல எரியும், வேற எதுவும் எரியாது.

இனிமே கூட ஒரு ஆள் வேணும். நீங்க வெளியில் போங்க, அவர் பலகையின் பின்பக்கம் ஒரு பழுதை வைக்கட்டும். சாக்கெட்டுக்குப் பின்னாடி நியூட்ரலும் எர்த்தும் தொடுறது. பேஸும் நியூட்ரலும் இடம் மாறினது. ஸ்விட்சை நியூட்ரல்ல போட்டது. இன்சுலேஷன் கிழிஞ்ச கம்பி மெட்டல் பாக்ஸைத் தொடுறது. எர்த் அறுந்தது. ஒரு திருகு அரைச்சுத்துத் தளர்ந்தது. ரெண்டு சர்க்யூட்டோட நியூட்ரல் ஒண்ணுக்கொண்ணு மாறினது. நீங்க வந்து பின்பக்கம் பார்க்காம, மீட்டரை மட்டும் வெச்சுக் கண்டுபிடிக்கணும். நேரம் குறிச்சுக்கோங்க. 20 நிமிஷத்துக்குள்ள ஏழும் வர்ற வரைக்கும் விடாதீங்க.

ஒரு நோட்டுல மூணு வரி: என்ன அறிகுறி, முதல்ல எதைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் எது. நடு வரிதான் முக்கியம், உங்க தப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு அது காட்டும்.

பாயிண்ட்ரேட் | ஜூன் 9, மாலை

ஏழாவது பழுது, நியூட்ரல் மாறினது, ஒரே ஆர்சிசிபிக்குக் கீழ வெச்சா ஒண்ணும் தெரியாதே? போறதும் வர்றதும் அதே ஆர்சிசிபி வழியாத்தானே?

மெகர்க்காரர் | ஜூன் 9, இரவு

பிடிச்சுட்டீங்க. தப்பு என்னோடது. அதுக்குப் பலகையில் ரெண்டு ஆர்சிசிபி வேணும், ஒவ்வொண்ணுக்கும் தனி நியூட்ரல் லிங்க். ஒண்ணோட பேஸும் இன்னொண்ணோட நியூட்ரலும் சேர்ந்தா, பல்பைப் போட்டதும் ரெண்டுமோ, ஒண்ணாவதோ விழும். இன்வெர்ட்டர் வீடுகள்ல இதே கூத்துதான். ஆர்சிசிபிக்கு முந்தின நியூட்ரலை இன்வெர்ட்டர் லைனுக்குக் கொடுத்துட்டு, "இன்வெர்ட்டர் போட்டதுல இருந்து கரண்ட் நிக்கலை"ன்னு கூப்பிடுவாங்க.

சுருள்கம்பி | ஜூன் 10

100 வாட்ஸ் குண்டு பல்பு இப்ப எந்தக் கடையில் இருக்கு? பலகையை விட அதைத் தேடுறதுதான் பெரிய பயிற்சி.

பழைய_பியூஸ் | ஜூன் 10

கோழிக்குஞ்சு வளர்க்கிற சாமான் விற்கிற கடையில் கேளுங்க.

கையாள்5 | ஜூன் 16

திருகு தளர்ந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மல்டிமீட்டர்ல தொடர்ச்சி பார்த்தா பீப் அடிக்குது, எல்லாம் சரின்னு காட்டுது.

மெகர்க்காரர் | ஜூன் 16

பீப் சத்தம் பல ஓம் வரைக்கும் அடிக்கும். தளர்ச்சி 0.1 ஓம்ல ஒளிஞ்சிருக்கும், அதை அந்த மீட்டர் பார்க்காது. லோடு போட்டுத்தான் பிடிக்கணும். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். 13 × 13 × 0.1 = 17 வாட்ஸ். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு, ஒரு திருகு முனையில், மணிக்கணக்கா. அதான் சாக்கெட் பழுப்பாகி மீன் கருகின மாதிரி நாத்தம் வருது.

வழி: லோடு ஓடும்போது டிபியில் வோல்டேஜ், சாக்கெட்ல வோல்டேஜ், ரெண்டையும் பாருங்க. 15 மீட்டர் தூரத்துல 2.5 கம்பின்னா போக வர 30 மீட்டர், சுமார் 0.24 ஓம், 13 ஆம்பியருக்கு 3 வோல்ட் இறங்கலாம். 9, 10 இறங்கினா நடுவுல எங்கேயோ தளர்ச்சி. பலகையில் கம்பி நீளம் கம்மி, இதைப் பழக 16 சாக்கெட்ல தண்ணி கொதிக்க வைக்கிற கெட்டிலைக் குத்திப் பாருங்க. சீரிஸ் பல்பைக் கழட்டிட்டு, ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும்.

காரணம் பெரும்பாலும் இழைக் கம்பியை முறுக்கி அப்படியே திருகுக்குள்ள திணிக்கிறது. ஆறு மாசத்துல இழை நசுங்கி இடம் விட்டுடும். பின் லக் போட்டு நசுக்கித் திருகுங்க.

பாயிண்ட்ரேட் | ஜூன் 18

மின்சாரப் பாடம் போதும், பணப் பாடத்துக்கு வரலாம். நல்ல கைக்காரங்க கடனாளி ஆகுறது இங்கதான்.

முதல்ல உங்க ஒரு நாள் விலை என்னன்னு கண்டுபிடிங்க. உதாரணத்துக்கு வீட்டுச் செலவு 25,000, பெட்ரோல் 3,000, டூல் தேய்மானம் 2,000, போனும் இன்சூரன்சும் 2,000. மொத்தம் 32,000. மாசத்துல 18 நாள் வேலைன்னா நாளுக்கு 1,778. இது கையாள் கூலி சேராம. இதுக்குக் கீழ ஒத்துக்கிட்ட ஒவ்வொரு நாளும் உங்க கைக்காசு.

அளவு எடுக்கிறப்போ தரையைப் பார்க்காதீங்க, சுவத்தைப் பாருங்க. டிபியில் இருந்து சமையலறைக்குத் தரையில் 9 மீட்டர். கம்பி தரையில் போகாது. டிபி மேல்விளிம்புல இருந்து சீலிங்குக்கு 1.2 ஏறும், 9 ஓடும், 3 மீட்டர் உயர அறையில் 1.2 உயரத்துல இருக்கிற போர்டுக்கு 1.8 இறங்கும். 12 ஆச்சு. ரெண்டு முனையிலும் விடுற வால் 1 மீட்டர். 13. பேஸும் நியூட்ரலும் 26, எர்த் 13. தரைக் கணக்கு போட்டவர் 18-ன்னு எழுதியிருப்பார். ஒரு சர்க்யூட்டுக்கு 8 மீட்டர் குறைச்சல், 8 சர்க்யூட்டுக்கு 64. 90 மீட்டர் காயில்ல ஏறக்குறைய முக்கால்வாசி. அந்தக் காயில் காசு யார் பாக்கெட்ல இருந்து போகும்?

சுருள்கம்பி | ஜூன் 18

அப்போதான் கருப்புக் காயில் தீர்ந்து, மிச்சமிருக்கிற சிவப்பை நியூட்ரலுக்கு இழுப்பாங்க. பத்து வருஷம் கழிச்சு வர்றவன் சாபம் விடுவான்.

பாயிண்ட்ரேட் | ஜூன் 19

பாயிண்ட் ரேட்ல, அதாவது லைட், சாக்கெட்னு ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இவ்வளவுன்னு எடுத்தா, எது பாயிண்ட்னு முதல் நாளே தாள்ல எழுதிடுங்க. ரெண்டு வழி ஸ்விட்ச் ஒண்ணா ரெண்டா? டிபி தனியா? எர்த் குழி யார் வெட்டுறது? காலிங் பெல், டிவி, நெட் பைப்? வாய்ல பேசினது கடைசி பில் அன்னிக்கு எல்லாருக்கும் வேற வேற மாதிரி ஞாபகம் வரும்.

பணம் கட்டம் கட்டமா. கான்கிரீட் பைப் முடிஞ்சதும் 30, காடியும் பாக்ஸும் முடிஞ்சதும் 30, கம்பி இழுத்ததும் 25, மாட்டி டெஸ்ட் பண்ணிக் கொடுத்ததும் 15 சதவீதம். போன கட்டப் பணம் வராம அடுத்த கட்டம் ஆரம்பிக்கக் கூடாது. கம்பி சுவத்துக்குள்ள போயிட்டா உங்க கையில் இருந்த பிடி போயிடுச்சு. கடைசி 15 இழுத்தடிக்கும், அதை விலை போடும்போதே மனசுல வெச்சுக்கணும்.

பாயிண்ட்ரேட் | ஜூன் 21

18 நாள்னு எழுதினதைத் திருத்திக்கிறேன். அளவு எடுக்கப் போற நாள், பணம் கேட்டு நடக்கிற நாள், சாமான் வாங்குற நாள் எல்லாம் கழிச்சா முதல் வருஷம் 14 தான் நிஜம். 32,000-ஐ 14-ஆல வகுத்தா 2,286. பார்த்ததும் பயமா இருக்கும், ஆனா அதுதான் விலை.

பழைய_பியூஸ் | ஜூன் 22

வேகமா நாலு விஷயம். பில்டர் வேலைன்னா ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலோ, வருஷத்துக்கு 1,00,000 தாண்டினாலோ 1 சதவீதம் வரி பிடிச்சுட்டுத்தான் கொடுப்பார். பான் கொடுக்கலைன்னா 20. உங்களுக்குக் கட்ட வேண்டிய வரி இல்லைன்னா, வருஷக் கடைசியில் ரிட்டர்ன் போட்டா பிடிச்சது திரும்ப வரும், நிறைய பேர் போடாம விட்டுடுறாங்க. சேவைத் தொழிலுக்கு வருஷம் 20 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்ல. உத்யம் (சிறு தொழில்) பதிவு இலவசம், காசு கேட்டா அது அரசுத் தளம் இல்ல. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல எலக்ட்ரீசியனும் சேரலாம், சேர்ந்துடுங்க. கைத்தொழிலாளருக்கான மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்துல இருக்கிற 18 தொழில்ல எலக்ட்ரீசியன் கிடையாது, அதுக்கு வரிசையில் நிக்க வேண்டாம்.

கையாள்5 | ஜூலை 7

பலகை கட்டியாச்சு. ஏழுல அஞ்சு 20 நிமிஷத்துக்குள்ள வருது. நியூட்ரல் மாறினதும் தளர்ச்சியும் இன்னும் அரை மணி. நோட்டைப் பார்த்தா எல்லாத்துக்கும் முதல்ல ஸ்விட்சைத்தான் சந்தேகப்பட்டிருக்கேன்.

எர்த் பத்திக் கேக்கணும். எம்சிபி இருக்கே, எர்த் ஷார்ட் ஆனா அது விழாதா?

மெகர்க்காரர் | ஜூலை 7

போட்டுப் பாருங்க. எர்த் 5 ஓம், ரொம்ப நல்ல எர்த்னு வெச்சுக்கலாம். 230 ÷ 5 = 46 ஆம்பியர். சி வளைவு 16 எம்சிபி உடனே விழ 80-ல இருந்து 160 வரைக்கும் வேணும். 46-க்கு அது சூடாகித்தான் விழும், சில செகண்ட்ல இருந்து ஒரு நிமிஷம் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் வாஷிங் மெஷின் உடம்புல கரண்ட் நிக்கும். எர்த் 20 ஓம்னா 11.5 ஆம்பியர். 16 எம்சிபி விழவே விழாது. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், மீட்டரும் சுத்தும், தொடுறவன் பாவம்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தா எர்த் மோசமா இருந்தாலும் விழும். தொடுற உடம்புல 50 வோல்ட்டுக்கு மேல நிக்கக் கூடாதுங்கிறது கணக்கு; 50-ஐ 0.03-ஆல வகுத்தா 1,667 ஓம், எர்த் அதுவரைக்கும் இருந்தாலும் விழும். அதுக்காக எர்த்தை அலட்சியம் பண்ணக் கூடாது, ஆர்சிசிபி ஒரு நாள் மக்கர் பண்ணலாம். எர்த் போட 2.5 மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப், சுத்தி கரியும் உப்பும் அடுக்கடுக்கா, மேல தண்ணி ஊத்தத் தொட்டி. உப்பை மூட்டை மூட்டையாக் கொட்டினா பைப்பே அரிச்சுப் போகும். அளக்க, மெயினை இறக்கிட்டு எர்த் கம்பியைப் பைப்புல இருந்து பிரிச்சு, 25 மீட்டர் தள்ளி எர்த் டெஸ்டரோட ஒரு முள் (தரையில் அடிக்கிற கம்பி), நடுவுல 15.5 மீட்டர்ல இன்னொரு முள். உள் முள்ளை ரெண்டு மீட்டர் முன்ன பின்ன நகர்த்தினாலும் அளவு மாறக் கூடாது. மாறினா முள்ளுங்க பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு அர்த்தம், அந்த அளவை எழுதாதீங்க.

பாயிண்ட்ரேட் | ஜூலை 8

மெட்ராஸ்ல 25 மீட்டர் தள்ளின்னா பக்கத்து வீட்டுச் சமையலறைதான். அங்க முள் இல்லாம எர்த்தை அளக்க, சாக்கெட்ல குத்துற லூப் டெஸ்டர். விலை அதிகம், முதல் வருஷம் வாடகைக்கோ நண்பர்கிட்டயோ வாங்கிக்கோங்க. ஆர்சிசிபியை விழ வைக்காத நிலையில் வெச்சு அளக்கணும்.

அளந்ததை எல்லாம் ஒரு தாள்ல எழுதி வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கொடுத்து, இன்னொண்ணை டிபி கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க: ஒவ்வொரு சர்க்யூட்டும் எங்க போகுது, கம்பி அளவு, மெகர் அளவு (1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது), எர்த் அளவு, தேதி. பூச்சுக்கு முந்தி ஒவ்வொரு சுவத்தையும் டேப் பிடிச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஏசி மாட்டுறவன் எங்க டிரில் போடலாம்னு கேக்கிறப்போ அந்த போட்டோதான் உங்களை மறுபடி கூப்பிட வைக்கும். மேஸ்திரி பழக்கம் கொண்டுவர்ற வேலையை விட இந்தத் தாள் கொண்டுவர்றது அதிகம்.

சுருள்கம்பி | ஜூலை 8

தாள்ல கையெழுத்து நல்லா இருக்கணும், டாக்டர் மாதிரி எழுதிடாதீங்க.

கையாள்5 | ஜூலை 21

ஏழும் 20 நிமிஷத்துக்குள்ள. நேத்து ஒரு விசித்திரம். கூட இருந்தவர் பலகைக்கு வர்ற எர்த்தையே கழட்டிட்டார். நான் ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், டக்குன்னு விழுந்தது. எர்த் சரின்னு எழுதிட்டேன். எப்படி விழுந்தது?

மெகர்க்காரர் | ஜூலை 21

டெஸ்ட் பட்டன் எர்த்தைத் தொடவே தொடாது. உள்ள ஒரு ரெசிஸ்டர் வழியா பேஸ்ல இருந்து நியூட்ரலுக்கு, கசிவை உணர்ற வளையத்துக்குள்ள போகாம வெளியில் சுத்திக்கிட்டுப் போகிற மாதிரி கொஞ்சம் கரண்ட்டை விடும். விழுந்தா ஆர்சிசிபியோட மெக்கானிசம் உயிரோட இருக்குன்னு மட்டும் அர்த்தம். எர்த் இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது.

நோட்டுல "எர்த் சரி"ங்கிறதை அடிச்சுட்டு, பக்கத்துல "பட்டன் விழுந்தது, எர்த் அளக்கவில்லை"ன்னு எழுதுங்க. அந்த எர்த்தை மறுபடி மாட்டி, பின் லக் போட்டு.

கையாள்5 | ஜூலை 21

மாட்டியாச்சு. பின் லக் போட்டுத்தான்.

பழைய_பியூஸ் | ஜூலை 22

அனுபவச் சான்று வாங்கினீங்களா?

கையாள்5 | ஜூலை 22

கேட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை தர்றேன்னு சொல்லியிருக்கார்.

சுருள்கம்பி | ஜூலை 22

எந்த வெள்ளிக்கிழமைன்னு கேட்டீங்களா?